கீமோ எடுக்கும் நண்பருக்குத் துணை: எந்த நாளில் என்ன செய்யலாம்

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. உடலின் சொந்தச் செல்லே கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. சில செல்கள் ரத்தம், நிணநீர் வழியாக வேறு உறுப்புகளிலும் போய்த் தங்கும். கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அடிக்கும். முடிவேர், வாய், குடலின் உட்பக்கம், ரத்த அணு உருவாகும் எலும்பு மஜ்ஜை இவற்றிலும் செல்கள் வேகமாகப் பிரிவதால் அவையும் சேர்ந்து அடி வாங்கும். முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும், ரத்த அணு குறைவதும் அதனால்தான். எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. கொட்டவில்லை என்பதால் மருந்து பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

மருந்து ஏற்றிய பிறகு உடல் தேற இடைவெளி விட்டு, பல சிகிச்சைகளில் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு சுற்று என்று நடக்கும். மருந்து ஏற்றும் நாளில் உறவுக்காரர்கள் பழக்கூடையோடு வந்து நிறைந்துவிடுவார்கள். ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். பொதுவாக மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். இந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சளி பிடித்தவர்கள் பார்க்கப் போகக்கூடாது. தைப்பூசம் இந்த நாட்களில் வந்தால், பத்துமலையோ தண்ணீர்மலையோ, கூட்டத்துக்குள் அழைத்துப் போகாதீர்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெங்கியாக இருக்குமோ என்று பக்கத்துக் கிளினிக்கில் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள். வெள்ளை அணு குறைந்த உடலில் சீழ், வீக்கம் போன்ற அடையாளம் எதுவும் தெரியாமலே கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். டாக்டரைக் கேட்காமல் பனடால் (பாரசிட்டமால்) போட்டால் சூடு இறங்கி, ஆபத்து வெளியே தெரியாமல் போய்விடும். கவுண்டரில் முதல் வார்த்தையே “பெசாகிட் கீமோ, டெமாம்” (மலாயில் ‘கீமோ நோயாளி, காய்ச்சல்’) என்பதாக இருக்கட்டும். கடைசியாக மருந்து ஏறிய தேதியையும் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கவனம்: கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, பச்சை தவுகே (முளைப்பயறு), ரோஜாக் (காய், பழக் கலவை), வெட்டி வைத்த பழம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். சுடச்சுடச் சமைத்த கஞ்சி, இட்லி, மீன் சூப் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. சம்பால் பெலாச்சான் (இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சட்னி) வதக்கும் வாடை பலருக்குக் குமட்டும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கே கொடுங்கள். அதில் சில வகை மலச்சிக்கல் தரும். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாய்ப்புண்ணுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து கொப்பளிக்கலாம்.

மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். ஆக்சாலிபிளாட்டின் என்றால் அடுத்த சில நாட்கள் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்), செண்டோல் போன்ற ஐஸ் பண்டம் கிடையாது. குளிர்ச்சி பட்டாலே தொண்டை அடைப்பதுபோல் இருக்கும், விரல் சுரீரென்று குத்தும். டாக்சோருபிசின் என்றால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமல்ல, மருந்தின் நிறம். எந்த மருந்தானாலும் முதல் 48 மணி நேரம் கழிவறை மூடியைப் போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள்; வாந்தியைக் கையுறை போட்டுத் துடையுங்கள்.

ஜாமு (மூலிகை மருந்து), மஞ்சள்தூள் கேப்சூல், வாட்சாப்பில் வரும் கஷாயம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் சில கீமோ மருந்தின் அளவையே அவை மாற்றிவிடக்கூடும்.

“எது வேணும்னாலும் சொல்லு” என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். “வியாழக்கிழமை காலை ரத்தப் பரிசோதனைக்கு நான் கார் எடுத்துட்டு வரேன், பிள்ளையையும் நானே ஸ்கூல்ல விட்டுடறேன்” என்று சொல்லிப் பாருங்கள், மறுப்பது கஷ்டம்.