ஆங்கிலத்தில் கதை எழுதும்போது: சொல்வது நானா, அவனா?

கல்லடிப் பாலத்தில் நின்று ஒரு பையன் வாவியைப் பார்க்கிறான். இதை ஆங்கிலத்தில் கதையாக எழுதச் சொன்னால், முதல் பந்தியில் ‘ஹி’ என்று தொடங்கும் பிள்ளை மூன்றாவது பந்தியில் ‘ஐ’ என்று எழுதிவிடும். மட்டக்களப்பில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்புப் பேனை வைப்பது இந்த இடத்தில்தான்.

இதைக் கவனக்குறைவு என்று பிள்ளையை ஏசாதீர்கள். தமிழில் ‘போனேன்’ என்றால் நான், ‘போனான்’ என்றால் அவன். வினையின் கடைசி எழுத்துகளே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘வென்ட்’ எல்லோருக்கும் ஒன்றுதான். எழுவாயை விட்டாலோ மாற்றினாலோ, போனது யார் என்றே தெரியாது.

இன்னொரு பொறி, பிறர் பேச்சு. ‘நான் நாளைக்கு வாறன் எண்டு தம்பி சொன்னான்’ என்பது நமக்கு இயல்பு. அந்த ‘நான்’ தம்பிதான். அதை அப்படியே ‘ஹி செட் ஐ வில் கம் டுமாரோ’ என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், வரப்போவது எழுதுகிற நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். குறி போடுங்கள், இல்லையேல் ‘ஹி செட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றுங்கள். ‘அவர்’ என்ற மரியாதைச் சொல்லும் ஆள் ஆணா பெண்ணா என்பதை மறைக்கும். அதனால்தான் அம்மம்மாவைப் பற்றிய கட்டுரையில் திடீரென ‘ஹி’ வருகிறது.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் மிஞ்சுவது, அடுத்தவர் மனதுக்குள் புகுந்துவிடுவது. ‘ஐ’ என்று கதை சொல்பவருக்குத் தோணிக்காரரின் பயம் எப்படித் தெரியும்? துடுப்பைப் பிடித்த கை நடுங்கியதை எழுதுங்கள், பயம் வாசகருக்குப் புரியும். ‘ஹி’ என்று சொல்லும் கதையிலும், பையனின் மனதோடு போகிறீர்கள் என்றால் அவனோடேயே போங்கள். எல்லார் மனதையும் அறிந்து சொல்லும் கதைமுறையும் உண்டுதான். ஆனால் ஒரு பக்கக் கதையில் அதைச் சமாளிப்பது கஷ்டம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

காலமும் அப்படித்தான்: ‘வென்ட்’ என்று தொடங்கியதை நடுவில் ‘கோஸ்’ ஆக்க வேண்டாம்.

சரி, எப்படிப் பழகுவது? பூரணை இரவில், வாவித் தண்ணீருக்குள் கேட்கும் பாடுமீன் ஓசையைக் கேட்கத் தோணியில் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊன்றிய துடுப்பின் மறுமுனையில் பையன் காதை வைக்கிறான். அதை அவனே சொல்வதுபோல் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் அதே இரவைத் தோணிக்காரர் சொல்வதுபோல் ஐந்து. பையன் கேட்ட சத்தம் இரண்டாவதில் வரக்கூடாது. துடுப்பில் காதை வைத்த ஒரு பையனின் முகம் மாறியது மட்டுமே வரலாம்.