தூண்டல் சமிக்ஞையைச் சுருக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்ப் (CELP) என்பது, ஒரு தூண்டல் சமிக்ஞையை வாய்க்குழியைப் போல் செயல்படும் வடிகட்டியில் செலுத்திப் பேச்சை மீட்டெடுக்கும் சுருக்க முறை. அதில் பிட்டுகளின் பெரும்பகுதியை விழுங்குவது, குரல்நாண் ஒலியின் இடத்தில் நிற்கும் அந்தத் தூண்டல் சமிக்ஞைதான். தொலைபேசிப் பேச்சுக்கான ஜி.729 சுருக்கத் தரத்தில் 10 மில்லிவினாடிக்கு 80 பிட்டுகள் கிடைக்கின்றன. வாய்க்குழியின் வடிவத்தைக் குறிக்கும் வடிகட்டிக்கு 18 போக, மீதி 62 பிட்டுகளும் தூண்டலின் பாற்பட்டவையே. இங்கு நேரும் பிழைகள் உடனே காதில் விழும்.

வடிகட்டிக்கு முன்னாலேயே பிழையை அளப்பது பரவலான தவறு. எஞ்சிய சமிக்ஞைக்கு (மூலப் பேச்சிலிருந்து வடிகட்டியின் விளைவை நீக்கினால் கிடைப்பது) நெருக்கமாகத் தெரியும் தூண்டல் வரிசை, வடிகட்டியைக் கடந்த பின்னும் மூலப் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு வரிசையையும் வடிகட்டியில் செலுத்தி, கேட்புணர்வுக்கேற்ப எடையிட்ட பிழையை ஒப்பிடும் செல்ப் முறையை ஆய்வாளர்கள் ஷ்ரோடரும் அடாலும் 1985இல் முன்வைத்தபோது, ஒரு வினாடிப் பேச்சுக்குக் கிரே-1 மீக்கணினிக்கு 125 வினாடிகள் தேவைப்பட்டன. இன்று அந்தச் செலவைக் காரணம் காட்டித் தேடலைக் குறுக்கத் தேவையில்லை: ஜி.729 40 மாதிரிகள் கொண்ட ஒவ்வொரு துணைச்சட்டகத்திலும் நான்கே துடிப்புகளை (பூச்சியமல்லாத மாதிரிகளை) வைத்து, அவற்றின் இடத்தையும் கூட்டல்-கழித்தல் குறியையும் 17 பிட்டுகளில் அடக்கிவிடுகிறது. தேடத் தொடங்குமுன், வடிகட்டியின் பழைய நினைவிலிருந்து வரும் வெளியீட்டை, ஒப்பிட வேண்டிய இலக்குப் பேச்சிலிருந்து கழித்துவிட வேண்டும்.

மிகவும் அலைக்கழிப்பது தகவமை ஏட்டில் நேரும் பிழை. கடந்த தூண்டலைச் சுருதி இடைவெளிக்கேற்ப (குரல் அலை ஒருமுறை திரும்ப வரும் காலம்) மீண்டும் எடுத்தாளும் இந்த ஏட்டில், குவாண்டைஸ் செய்த (குறைந்த பிட்டுகளில் அடக்கத் தோராயப்படுத்திய) தூண்டலை விட்டுவிட்டு அசல் எஞ்சிய சமிக்ஞையைச் சேமித்துவிட்டால், பேச்சை மீட்கும் டீகோடரிடம் இல்லாத ஒன்றை நம்பி, பேச்சைச் சுருக்கும் என்கோடர் முடிவெடுக்கத் தொடங்குகிறது. என்கோடர் பக்கத்துப் பிழை அளவு அழகாகக் குறைந்திருக்க, மறுமுனையில் உயிரெழுத்துகள் நீளுந்தோறும் குரல் கரகரக்கும். பிட் இழப்பே இல்லாத ஒரு கோப்பை ஓட்டி, இருபுறத் தூண்டல் இடையகங்களையும் மாதிரி மாதிரியாக ஒப்பிட்டு, முதன்முதலில் வேறுபடும் இடத்தைக் கண்டறிவதே இதற்குச் சிறந்த சோதனை.

உயர்ந்த குரல்களை மறப்பதும் உண்டு. 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பில் 250 ஹெர்ட்ஸ் குரலின் சுருதி இடைவெளி 32 மாதிரிகளே; 40 மாதிரித் துணைச்சட்டகத்தை நிரப்பக் கடந்த தூண்டல் போதாது. அதைத் திரும்ப ஓட்டி நிரப்புவதோடு, துடிப்புகளையும் அதே இடைவெளியில் மறுபடி ஒலிக்கச் செய்யும் வடிகட்டியைத் தேடலுக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்; தேடி முடித்த பின் சேர்த்தால், தேர்ந்த துடிப்புகள் வேறொரு கணக்குக்கு உரியவையாகிவிடும்.

தகவமை ஏட்டுக்கும் துடிப்புகளுக்கும் உரிய இரு பெருக்க அளவுகளையும் தனித்தனியே குவாண்டைஸ் செய்வது வீண்செலவு. ஜி.729 அவற்றைச் சேர்த்தே 7 பிட்டுகளில் சொல்கிறது. துடிப்புகளின் பெருக்கத்தை முந்தைய நான்கு துணைச்சட்டகங்களின் பிழைகளிலிருந்து முன்கணிக்கவும் செய்கிறது. இந்த முன்கணிப்பைப் பின்னூட்ட வடிவில் (முந்தைய வெளியீட்டையே மீண்டும் உள்ளே விடும் வகையில்) அமைத்தால், தொலைந்துபோன ஒரு பொட்டலத்தின் பாதிப்பு நெடுநேரம் தங்கும். கடைசி நான்கு பிழைகளை மட்டும் பார்க்கும் நகரும் சராசரியாக அமைத்தால், கணிப்பில் புகுந்த தவறு நான்கு துணைச்சட்டகங்களில் வெளியேறிவிடும்.