பழைய கட்டடத்தின் பக்கத்தில் பாலம் மாற்றப் போகிறீர்களா? மண்ணை இப்படிப் பாருங்கள்

கோலாலம்பூரில் ஆற்றோரப் பாலம் என்றால், துளையிடும் ரிக்கை இறக்குவதற்கு முன் நான் பக்கத்துக் கட்டடத்தைச் சுற்றி வருவேன். கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்தில் 1909-இல் திறந்த மஸ்ஜித் ஜாமெக் மாதிரி பழைய செங்கல் கட்டடம் அருகில் இருந்தால், இரண்டு நாள் இதற்கே போகட்டும். ஒவ்வொரு விரிசலையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துத் தேதி போடுங்கள். அஸ்திவார ஆழத்துக்குப் பழைய வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். அனுமதி வாங்கி, சுவரோரம் கையால் குழி தோண்டிப் பாருங்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தில் பதிவான கட்டடமா? ஜபாத்தான் வாரிசான் நெகாராவிடம் (தேசிய மரபுடைமைத் துறை) முதலிலேயே பேசிவிடுங்கள். ஆற்றுக்கு ஜேபிஎஸ்ஸிடம் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) தனியாகப் பேச வேண்டும்.

அப்புறம்தான் போர்ஹோல், அதாவது மண்ணைப் பார்க்கப் போடும் ஆய்வுத் துளை. மண் எவ்வளவு இறுக்கம் என்று குழாயை அடித்து இறக்கிப் பார்க்கும் எஸ்பிடி சோதனை, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது: 63.5 கிலோ சுத்தியல், 760 மில்லிமீட்டர் வீழ்ச்சி. முதல் 150 மில்லிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை சுத்தியல் அடி விழுகிறது என்று எண்ணுகிறோம்.

நடுநகரில் தலைவலி பாறைதான். மேலே ஆற்று மணலும் ஈயச் சுரங்க மண்ணும். கீழே சுண்ணாம்புக்கல், ஊசி ஊசியாக, பொந்தும் பொடவுமாக. நாலு எட்டு தள்ளிப் போட்டால் பாறை வேறு ஆழத்தில் இருக்கும். அதனால் ஒரு தூணுக்கு ஒரு துளை என்று சிக்கனம் பிடிக்காதீர்கள். பாறை தட்டியதும் நிறுத்தவும் வேண்டாம். குறைந்தது 10 மீட்டர் கோர் (உருளையாக வெட்டி எடுக்கும் பாறை மாதிரி) எடுக்கச் சொல்வேன்.

கோர் எடுக்கும்போது துளைக்குள் விட்டு மேலே திரும்பி வரும் தண்ணீரையே நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பால்போல வந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்று, துளையிடும் ராட் தானாகச் சறுக்கினால் கீழே பொந்து. "அண்ணே, எத்தனை விழுந்தது?" என்று டிரில்லரை அப்போதே கேட்டு, ஆழத்தோடு எழுதுங்கள். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதும் லாக்கை (துளைப் பதிவு) வைத்து, பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் பைலின் நீளம் முடிவு செய்ய முடியாது.

நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளக்கும் பியசோமீட்டர் கட்டாயம். சுண்ணாம்புக்கல்லில் நிலத்தடி நீர் இறங்கினால் மேல்மண் பொந்துக்குள் இறங்கும், பழைய சுவரும் கூடவே இறங்கும். அதிர்வுக்கு, டிஐஎன் 4150 என்ற ஜெர்மன் தரநிலை மரபுக் கட்டட அஸ்திவாரத்தில், 10 ஹெர்ட்ஸ் வரை, அதிர்வு வேகத்துக்கு நொடிக்கு 3 மில்லிமீட்டர் வரம்பு என்கிறது. அடித்து இறக்கும் பைலைப் பற்றிப் பேசும் முன் இந்த எண்ணை மேசையில் வையுங்கள்.

கடைசியாக, துளையை மூடுவது. ஒரு வேலையில் அவசரத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். அடுத்த மழைக்கு நடைபாதை ஒரு வாளி அளவுக்கு உள்வாங்கியது. அன்றிலிருந்து அடியிலிருந்து குழாய் வைத்து, சிமெண்ட்-பெண்டோனைட் (ஒரு வகைக் களிமண்) கலவை வாய்வரை வந்து நிற்கும்வரை ரிக்கை நகர்த்த விடுவதில்லை.