கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மேடை பிடிப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

நீலகிரி மலைப் பழங்குடி இசைக் குழுக்களுக்கு வெளிநாட்டு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கும் வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. இசை தெரிய வேண்டுமா? கொஞ்சம். ஆங்கிலம்? மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு. ஒரு ஷீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அது ரொம்பவே. ஃபெஸ்டிவல்காரரைச் சம்மதிக்க வைப்பது இந்த வேலையில் கால்வாசிதான். காகிதத்தில் இருக்கும் ஆளும் மேடையில் நிற்கப்போகும் ஆளும் ஒருவரே என்று தூதரகம், விமான நிறுவனம், வங்கி, சுங்கம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டே இருப்பதுதான் மீதி முக்கால்வாசி.

யூடியூபில் வீடியோ ஏற்றுவது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் ஊரில் கேளுங்கள்

ரெக்கார்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளில் ஒன்றான கோத்தர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள் என்ற குழல், கொப் என்ற வளைந்த பித்தளைக் கொம்பு, தோல் கருவிகள் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது கேட்கிறவர் அசந்துபோவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. எது மேடைக்கு வரலாம், எது வரக்கூடாது என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை. அவர்கள் சரி என்ற மெட்டுகளை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி, குழுவில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர், 'வீடியோவில் யாரோ போட்டிருந்த அந்த இறுதிச்சடங்கு இசை கிடைக்குமா' என்று ஆசையாகக் கேட்பார். கிடைக்காது என்று ஒரே வரியில் எழுத அந்தப் பட்டியல் உதவும்.

நாட்களையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மார்கழி, தை வாக்கில் கோத்தர்களின் சாமி கம்பட்ராயருக்குத் திருவிழா வரும். அந்தச் சமயத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஆள் வராது, வரவும் வேண்டாம். டிசம்பர் 1 முதல் 10 வரை நாகாலாந்தில் ஹார்ன்பில் விழா நடக்கிறதே, அதற்கு யாராவது அழைத்தால் காலண்டரைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

இன்னொன்று. இருளர் பாடகி அட்டப்பாடி நஞ்சம்மாவுக்கு 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்த பிறகு, இருளர் குழு என்றாலே 'அந்த மாதிரி ஒரு பாட்டு' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் குழு என்ன பாடுகிறதோ அதை மட்டும் சொல்லி விற்பது நல்லது.

படி 2: ஒரே டேக்கில் ஒரு வீடியோ

டிரோன் காட்சி வேண்டாம், தேயிலைத் தோட்டத்தில் மெதுவாக நடந்து வருவது வேண்டவே வேண்டாம். நிகழ்ச்சி அமைப்பாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இத்தனை பேர் நின்று வாசித்தால் 45 நிமிடம் தாங்குமா? வெட்டு இல்லாத 6, 7 நிமிட வீடியோ போதும். செல்போன் படம் பரவாயில்லை, ஒலி மட்டும் தனி ரெக்கார்டரில் எடுங்கள். நமக்குப் பெரிய எதிரி மலைக்காற்று, அதனால் மைக்குக்கு ரோமத் தொப்பி போடாமல் வெளியே எடுக்காதீர்கள். வீட்டுத் திண்ணை இன்னும் நல்லது.

படி 3: யாருக்கு, எப்போது எழுதுவது

ஐரோப்பாவில் கோடைக்கால விழாக்களுக்கு அக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் பெரும்பாலும் ஆள் முடிவாகிவிடும். ஏப்ரலில் எழுதினால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று நல்லபடியாகவே பதில் வரும், பிரயோஜனம் இல்லை. ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் ஜூலை தொடக்கத்தில், நார்வேயின் ஃபோர்டே ஜூலையில், மலேசியாவின் சரவாக்கில் குச்சிங் பக்கம் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் விழாவும் கோடையில்தான். இந்தியாவுக்குள் பழக வேண்டுமென்றால், 2007-ல் தொடங்கிய ஜோத்பூர் ரிஃப் என்ற நாட்டுப்புற இசை விழா இருக்கிறது. மெஹ்ரான்கர் கோட்டையில் சரத் பௌர்ணமியை ஒட்டி நடக்கும், வெளிநாட்டு அமைப்பாளர்களும் வருவார்கள். 2012 முதல் அருணாசலில் சீரோ விழா இருக்கிறது.

இந்தத் தொழிலின் பெரிய சந்தை வோமெக்ஸ் என்ற உலக இசைக் கண்காட்சி. 1994-ல் பெர்லினில் ஆரம்பித்து இப்போது ஊர் ஊராகப் போகிறது: 2023-ல் ஆ கொருன்யா, 2024-ல் மான்செஸ்டர், 2025-ல் தாம்பெரே. முதல் வருடமே கடன் வாங்கிக்கொண்டு அங்கே ஓட வேண்டாம் என்பது என் கருத்து. கையில் இரண்டு நிகழ்ச்சியாவது நடத்திக் காட்டிய கதை இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

மின்னஞ்சல் ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது. தலைப்பிலேயே குழுவின் பெயர், ஊர், கிடைக்கும் தேதிகள். உள்ளே எத்தனை பேர், என்ன வாசிப்பார்கள், வீடியோ இணைப்பு, அவ்வளவுதான். 'பல்லாயிரம் ஆண்டுப் பழமையான' என்று எழுதினால் நானே படிக்க மாட்டேன். இதற்கென்று மாதச் சந்தா வாங்கும் மென்பொருள்கள் உண்டு. எனக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை. யாருக்கு எப்போது எழுதினோம், என்ன பதில் என்று கூகுள் ஷீட்டில் நாலு பத்தி (நெடுவரிசை) போதும்.

படி 4: தேதி, தொகை

யாராவது 'ஹோல்டு' என்றால் அந்தத் தேதியை உங்களுக்காகப் பிடித்து வைக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், நிகழ்ச்சி உறுதியில்லை. குழுவிடம் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள், சொன்னால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே ஒரு விழாவுக்காக எட்டுப் பேரைப் பறக்க வைத்தால் யாருக்கும் கட்டாது. நல்ல தொகை தரும் ஒரு தேதியை நடுவில் வைத்து, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று சின்ன நிகழ்ச்சிகளைக் கோர்க்க வேண்டும்.

கமிஷன் இந்தத் துறையில் 10 முதல் 20 சதவீதம் வரை ஓடுகிறது. நான் 15 வாங்குகிறேன், அதுவும் சம்பளத் தொகையில் மட்டும். சாப்பாட்டுப் படியிலும் டிக்கெட்டிலும் கமிஷன் எடுக்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஜெர்மனிக்குப் போனால் வரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் 15 சதவீதமும், அதன்மேல் 5.5 சதவீதக் கூடுதலும் பிடிப்பார்கள், மொத்தம் 15.825. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கலைஞருக்கு 250 யூரோவுக்குள் இருந்தால் பிடித்தம் இல்லை. ஒப்பந்தத்தில் 'வரி போக கைக்கு வரும் தொகை' என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தக் கணக்கு அவர்கள் பாடு.

படி 5: பெயர்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. என்னை இழுத்தடித்ததும் இதுதான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் 'ம. ராஜன்', ரேஷன் கார்டில் 'ராஜன் மாதன்', ஊரில் கூப்பிடுவது வேறு, போஸ்டரில் போட்டது இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுக்க மாட்டார்கள். ஒன்று விரித்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே வரும். காலியாக வந்த பாஸ்போர்ட்டும் செல்லும். ஆனால் விமான டிக்கெட் எடுக்கும் இணையதளம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது, அங்கே ஒருவர் அதே பெயரை இரண்டு தடவை அடிப்பார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். ஃபெஸ்டிவல் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் போஸ்டரில் உள்ள பெயர் இருக்கும். விசா விண்ணப்பத்தில் இதெல்லாம் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் போய் உட்காரும்போது, இவர் ஒருவரா மூவரா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

நான் இப்போது செய்வது இது. குழு சரி என்றவுடனே, நிகழ்ச்சி ஏதும் கையில் இல்லாதபோதே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வைத்துவிடுவேன். நீலகிரிக்கு கோவை மண்டல அலுவலகம்தான். புதிதாக எடுக்கிறவர்களுக்குப் பெயரையும் அப்பா பெயரையும் பிரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்வேன், ஆனால் அதற்கு முன்னால் ஆதாரையும் அதேபோல் திருத்த வேண்டும். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் எடுத்தவர்களை மாற்றச் சொல்லி அலைய விடுவதில்லை. ஷீட்டில் முதல் பத்தி பாஸ்போர்ட் பெயர், அதன் புகைப்படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. இரண்டாவது பத்தி மேடைப் பெயர். ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், டிக்கெட், ஹோட்டல், காப்பீடு எல்லாவற்றுக்கும் முதல் பத்தியில் இருந்து காப்பி செய்து ஒட்டுவது, கையால் தட்டச்சு செய்வதே கிடையாது. போஸ்டருக்கு மட்டும் இரண்டாவது பத்தி. அழைப்புக் கடிதம் வந்ததும் குழுவில் படித்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பிறந்த தேதியும் இதே கதைதான். வயதானவர்களில் பலருக்கு எல்லா அட்டையிலும் ஜனவரி 1 என்று இருக்கும். எல்லாவற்றிலும் அதே தேதி இருந்தால் பிரச்சினை இல்லை.

படி 6: விசா

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை தள்ளாதீர்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, 90 யூரோ கட்டணம், கைரேகை. ரேகைக்கு எல்லோரையும் சென்னைக்கு அழைத்துப் போவதென்றால் மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவது வசதி. இரும்படிக்கும் கையும் மண்வெட்டி பிடிக்கும் கையும் கொண்டவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஒரு வாரம் முன்பே ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள், எங்கள் ஆட்களுக்கு உதவியது.

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது சுற்றிப் பார்க்க. மேடை ஏறத் தனி அனுமதி வேண்டும், சரவாக்குக்குக் குடியேற்றக் கட்டுப்பாடும் தனியாக உண்டு. அதை அழைக்கும் விழாதான் வாங்கித் தர வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவை முதல் வருடம் தொடவே வேண்டாம்.

படி 7: டெக்னிக்கல் ரைடர், அதில் நெருப்பு

ரைடர் என்பது மேடையில் நமக்கு என்ன வேண்டும் என்று விழாவுக்கு எழுதி அனுப்பும் தாள். எத்தனை மைக், யார் எங்கே நிற்பார் என்ற படம், எல்லாம் ஒரே பக்கத்தில். குழலுக்கும் கொம்புக்கும் மைக்கைக் கிட்டே வைக்க வேண்டாம் என்று எழுதுங்கள், இல்லையென்றால் சவுண்ட் இன்ஜினியர் காதைப் பிடித்துக்கொள்வார்.

தோல் கருவியைக் காய்ச்சாமல் வாசிக்க முடியாது. ஊரில் சருகு, சுள்ளி போட்டு மூட்டி, வட்டமாக உட்கார்ந்து, தோலைக் கனலுக்கு மேலே காட்டிக் காட்டித் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்து, 'ணங்' என்று வந்ததும் எழுந்துவிடுவார்கள். வெளிநாட்டில் மேடைக்குப் பின்னால் தீக்குச்சி கிழித்தாலே தீயணைப்பு ஆட்கள் வந்து நிற்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சில விழாக்கள் திறந்தவெளியில் இரும்புச் சட்டியில் கனல் வைக்க அனுமதிப்பதுண்டு. இல்லாத இடத்துக்குச் சிவப்பாகக் கனியும் மின்சார ஹீட்டர் இரண்டு, மேடை ஏறும் படிக்குப் பக்கத்திலேயே. காற்றை ஊதும் ஹீட்டர் ஆகாது, தோல் ஒரு பக்கம் மட்டும் இறுகும். 'தம்பி, இது சூடு இல்ல, வெளிச்சம்' என்று எங்கள் பெரியவர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அவரே ஹீட்டரை நகர்த்தி வைத்துக்கொண்டார். காய்ச்சிய தோல் தளர்ந்துவிடும் என்பதால் சவுண்ட் செக்குக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே இன்னொரு முறை காய்ச்ச 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 8: கருவியும் சுங்கமும்

ஒவ்வொரு கருவியும் எதனால் ஆனது என்று கேளுங்கள். உடும்புத் தோல், மான் கொம்பு இருந்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். தலைப்பாகையில் செருகும் மயிலிறகையும் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது, வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விதை கோர்த்த சலங்கை, பட்டை உரிக்காத மரம், பதப்படுத்தாத தோல் எல்லாவற்றையும் இறங்கியதும் அறிவிக்க வேண்டும். கருவி நிறைய இருந்தால், ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னே எடுக்கலாம், பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம் அது. சின்னக் குழுவுக்கு, கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது 'இதை அங்கே வாங்கினீர்களா' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு சேர்த்தவை

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு ஷார்ஜா, அபுதாபி வழியாகப் போகலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கொண்டுவந்த விதி, ஒற்றைப் பெயரில் அந்த நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவதைத்தான் தடுக்கிறது. விமானம் மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது, இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். கோவையில் இருந்து குச்சிங் போக எனக்குச் சிங்கப்பூர் வழிதான் பிடிக்கும்.

விமானத்துக்கு முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள் என்று எழுத விட்டுப்போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டி எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், வெளிநாட்டு அமைப்பாளர் குழுவை நேரில் பார்க்க வருகிறேன் என்றால் சந்தோஷம், ஆனால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் நீலகிரியில் தடை. இரண்டையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போன் செய்தால் பாதி நேரம் நமக்கு சிக்னல் இருக்காது.