யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா? கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

ஐரோப்பாவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் விசா கைக்கு வந்ததும் கேட்பது, "ரயில் பாஸ் வாங்கிவிடலாமா?" என்றுதான். ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் ஏறலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் ஊர் பட்டியலைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: உங்களுக்கு உரிய பாஸ் எது?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பார்ப்பது குடியுரிமையை அல்ல, குடியிருக்கும் நாட்டை. மகன் மியூனிக்கில் படிக்கிறான், அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு யூரெயில், அவனுக்கு இன்டர்ரெயில். ஆனால் ஒன்று: பல நாடுகளுக்கான இன்டர்ரெயில் குளோபல் பாஸை வசிக்கும் நாட்டுக்குள் இரண்டே பயணங்களுக்குத்தான் பயன்படுத்தலாம், வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று.

யூரெயில் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் 4 நாள், 5 நாள், 7 நாள் என்று நமக்கு வேண்டிய நாட்களில் ஏறிக்கொள்ளலாம். தொடர்ச்சியாக 15 நாள், 22 நாள் என்றும் உண்டு. 27 வயது வரை இளைஞர் சலுகை, 60 தாண்டியவர்களுக்குச் சற்றுக் குறைவான சலுகை. 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பெரியவர் பாஸோடு சேர்த்து இலவச பாஸ் கிடைக்கும், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் வரை. இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்குக் கணக்கே மாறிவிடும்.

படி 2: பயணங்களை வரிசையாக எழுதுங்கள்

ஊர் விட்டு ஊர் போகும் பயணங்களை மட்டும் எழுதுங்கள். நகரத்து மெட்ரோவும் பஸ்ஸும் பொதுவாகப் பாஸில் சேராது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு விலை வேண்டும். ஜெர்மனிக்கு டாய்ச்சே பான், இத்தாலிக்கு டிரெனிடாலியா என்று அந்தந்த நாட்டு ரயில் தளத்தில் இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே ரயிலை நாளைய தேதிக்குப் பாருங்கள்.

அங்கே அதிவேக ரயில் கட்டணம் விமானக் கட்டணம் மாதிரி ஏறும் இறங்கும். பெர்லினிலிருந்து மியூனிக், சுமார் நான்கு மணி நேரப் பயணம். முன்கூட்டி எடுத்தால் பெரும்பாலும் 50 யூரோவுக்குள் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் 150 யூரோவைத் தாண்டும். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

படி 3: ஒரு நாளுக்குப் பாஸ் எவ்வளவு?

பெரியவருக்கு 4 நாள் இரண்டாம் வகுப்புப் பாஸ் சுமார் 280 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் அன்று இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு 70 யூரோ. பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். காலையில் பெர்லின், மதியம் மியூனிக், மாலை சால்ஸ்பர்க் என்றால் 70 யூரோ கொள்ளை மலிவு. இரண்டரை மணி நேரத்தில் முடியும் மிலான்–வெனிஸ் மட்டும்தான் அன்றைய பயணம் என்றால் அதற்காகப் பாஸின் ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள், தனி டிக்கெட் எடுங்கள்.

படி 4: முன்பதிவுக் கட்டணத்தைக் கூட்டுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாஸ் இருந்தாலும் சில ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியாக வேண்டும். பிரான்ஸுக்குள் ஓடும் அதிவேக ரயிலான டிஜிவிக்கு 10 அல்லது 20 யூரோ, இத்தாலியின் அதிவேக ரயிலான பிரெச்சாரோசாவுக்கு 13 யூரோ அளவில், பாரிஸ்–லண்டன் யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்கு மேல். இத்தாலியில் ஓடும் தனியார் ரயிலான இத்தாலோ, பிரான்ஸின் மலிவுக் கட்டண ரயிலான ஊய்கோ இரண்டிலும் யூரெயில் பாஸ் செல்லவே செல்லாது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், டிஜிவி, யூரோஸ்டார் போன்றவற்றில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாஸ் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரு நிலையத்தில் போய் நின்றேன். அந்த ஒதுக்கீடு முடிந்திருந்தது. ரயிலில் காலி இருக்கைகள் இருந்தும் முழுக் காசு கொடுத்துத்தான் ஏறினேன். உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாடுகளின் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களில் இந்தத் தொல்லை இல்லை, நேராக ஏறி உட்காரலாம். சுவிட்சர்லாந்தின் சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு கட்டாயம். அதே பாதையில், அதே பனிமலைகளைப் பார்த்தபடி ஓடும் சாதாரண ரயிலுக்கு வேண்டாம். அதன் சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். எனக்கு அந்தச் சாதாரண ரயில்தான் பிடிக்கும்.

படி 5: முடிவெடுங்கள்

பாஸ் விலையையும் முன்பதிவுக் கட்டணத்தையும் கூட்டி, தனி டிக்கெட்டுகளின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், தேதிகள் உறுதி, ஓட்டல் போட்டாயிற்று: தனி டிக்கெட்டே போதும், அதையும் சீக்கிரம் எடுங்கள். மலிவு டிக்கெட்டுகளில் பலவற்றுக்குப் பணம் திரும்பாது என்பதையும் படித்துவிட்டு எடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, மழை பெய்தால் வேறு ஊருக்குப் போகலாம் என்ற மனநிலை: பாஸ். இரண்டும் கலந்தால் நெடுந்தூரம் போகும் நாட்களுக்குப் பாஸ், குட்டிப் பயணங்களுக்கு டிக்கெட். சுவிட்சர்லாந்து மட்டும் என்றால் படகு, பஸ், நகரப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்த சுவிஸ் டிராவல் பாஸையும் ஒப்பிடுங்கள். மலைமேல் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையத்துக்கு அதிலும் தள்ளுபடிதான், இலவசம் இல்லை.

படி 6: பாஸ் வாங்கியாயிற்றா?

யூரெயிலின் ரயில் பிளானர் (Rail Planner) செயலியில் பாஸை ஏற்றி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். ஏறுவதற்கு முன் அன்றைய ரயிலை உங்கள் பாஸோடு சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் பரிசோதகரிடம் காட்ட வேண்டிய கியூஆர் குறியீடு வரும். சேர்க்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான், அபராதம் உண்டு. இரவு ரயிலுக்கு ஏறும் தேதி மட்டுமே பயண நாளாகக் கணக்காகும். காலையில் இறங்கி வேறு ரயில் மாறினால் இன்னொரு நாள் போய்விடும், அதனால் இறங்கும் ஊரிலேயே தங்குவது போலத் திட்டமிடுங்கள்.