மக்களிடம் கேட்ட பிறகு என்ன செய்வது: உள்ளாட்சியில் நம்பிக்கை வளர்க்கும் வேலைமுறை

உள்ளாட்சி மீது நம்பிக்கை போவதற்கு ஊழலைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். ஊழலே இல்லாத அலுவலகத்திலும் நம்பிக்கை கரைவதுண்டு. கூட்டத்துக்கு அழைத்தார்கள், சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்படி ஒருமுறை நடந்தாலே வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் மறுமுறை வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார். எனவே கூட்டத்துக்கு ஆகும் உழைப்பில் பாதியையாவது கூட்டம் முடிந்த பிறகு செய்யவேண்டியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

எது மாறும், எது மாறாது

அழைப்பு அனுப்பும் முன் ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஏற்கெனவே முடிவாகிவிட்டவை, இன்னும் முடிவாகாதவை, இறுதி முடிவை எந்தப் பதவியில் இருப்பவர் எந்தத் தேதிக்குள் எடுப்பார். சாலை விரிவாக்கம் என்றால் தடமும் நிதியும் முடிவாகியிருக்கலாம். நிறுத்தம் எங்கே வரவேண்டும், எந்த மரங்களைக் காப்பாற்றலாம், எந்த மாதத்தில் தோண்டலாம் என்பவை திறந்திருக்கலாம். திறந்திருப்பவற்றை மட்டும் கேளுங்கள். ஒன்றுமே திறந்திருக்கவில்லை என்றால் அதற்குத் 'தகவல் கூட்டம்' என்று பெயர் வையுங்கள். முடிவெடுத்துவிட்டு அதைக் 'கருத்துக்கேட்பு' என்று அழைப்பது மக்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பொதுமக்கள் பங்கேற்பைப் பொதுவாக ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள்: தகவல் தருதல், கருத்துக் கேட்டல், ஈடுபடுத்துதல், சேர்ந்து திட்டமிடுதல், முடிவை மக்களிடமே விடுதல். ஐந்துமே நேர்மையானவைதான். இரண்டாம் படியில் நின்றுகொண்டு ஐந்தாம் படியைத் தருவதாக வாக்குறுதி கொடுப்பதுதான் தவறு.

வராதவர்களின் பட்டியல்

கடந்த சில கூட்டங்களின் வருகைப் பதிவேட்டை எடுத்து, தெரு, பாலினம், வயது வாரியாக மக்கள்தொகையோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் விடுபடுபவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இரவுப்பணி பார்ப்பவர்கள், வீட்டில் குழந்தையையோ நோயாளியையோ கவனிப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு மொழி பேசுபவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் எதிரே 'ஏன் வரவில்லை' என்று எழுதுங்கள். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து யூகிக்காமல், அந்தக் குழுவில் ஐந்தாறு பேரிடம் நேரில் கேட்டு எழுதவேண்டும். நேரம் காரணமாக இருந்தால் ஒரே பொருளில் காலையில் ஓர் அமர்வு, மாலையில் ஓர் அமர்வு வைக்கலாம். கூலி இழப்பு காரணமென்றால் பயணச்செலவும் அந்நேரக் கூலியும் கூட்டச் செலவிலேயே சேரட்டும். பயம் காரணமென்றால் இவை எதுவும் உதவாது. வீட்டுக்காரரும் முதலாளியும் முன்வரிசையில் இருக்கும் அரங்கில் குடித்தனக்காரர் வாய் திறக்கமாட்டார். அவர்களை அவர்கள் இடத்துக்கே போய்ச் சந்தித்து, பெயர் இல்லாமல் கருத்தைப் பதிவு செய்யவேண்டும்.

இடத்தேர்வும் இதில் சேரும். ஒரு சமூகத்துக்குச் சொந்தமான மண்டபத்திலோ வழிபாட்டிடத்திலோ கூட்டம் வைத்தால், அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று போட்டாலும் பிறர் வாசலைத் தாண்டத் தயங்குவார்கள். பள்ளியோ நூலகமோ மேல்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதாவது 45 செ.மீ. உயரப் படிக்கட்டுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அவசரத்துக்கு ஒரு பலகையைச் சாய்த்துவைப்பது ஆபத்து. கதவின் திறப்பு 90 செ.மீ. இருந்தால் சக்கர நாற்காலி தடையின்றி நுழையும். உள்ளே அது முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள காலியிடம் தேவை. கழிப்பறைக்கும் இதே கணக்கு. சைகைமொழிப் பெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும், ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. ஒருவரையே இரண்டு மணி நேரம் நிற்கவைத்தால் களைப்பில் பெயர்ப்பு தடுமாறும். 'எனக்குக் குரல் பெரிது, மைக் வேண்டாம்' என்பவருக்கும் மைக்கைக் கொடுங்கள். காது மந்தமானவர்கள் தாமாகச் சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

அறிவிப்பு இரண்டு வாரங்களுக்கு முன்பே போகட்டும். எந்த முடிவைப் பற்றிய கூட்டம், எத்தனை மணிக்கு முடியும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, எந்த எண்ணில் கேட்கலாம் என்பவை அதில் இருக்கவேண்டும். சுவரொட்டி மட்டும் போதாது, ஒலிபெருக்கியும் குரல் செய்தியும் வேண்டும்.

சிக்கலான, பலகாலம் பிளவுபடுத்தும் விஷயமென்றால், பங்கேற்பவர்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை யோசியுங்கள். அயர்லாந்து 2016-இல் 99 பொதுமக்களைக் கொண்ட குடிமக்கள் பேரவையை அமைத்தது. பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் 2019 முதல் 24 பேர் கொண்ட நிரந்தர மன்றமே இயங்குகிறது. உள்ளாட்சி அளவில் செய்யும்போது இரண்டு கட்டமாகச் செய்யவேண்டும். முதலில் முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கி, தேவையைப் போல் பல மடங்கு பேருக்குக் கடிதம் அனுப்புங்கள். சம்மதம் சொன்னவர்களுக்குள் வயது, பாலினம், பகுதி, படிப்பு ஆகியவற்றின் விகிதம் பார்த்து மறுபடி குலுக்குங்கள். இரண்டாம் குலுக்கலைத் தவிர்த்தால் படித்தவர்களும் ஓய்வுபெற்றவர்களும் அவையை நிரப்பிவிடுவார்கள், ஏனென்றால் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர்களில் அவர்களே அதிகம்.

கூட்ட நாளன்று

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதில் அதிகாரிகளின் பேச்சு 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையும் வரிசை நாற்காலியும் போட்டால் வழக்கமாகப் பேசும் நாலு பேரே பேசுவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் உட்காரும் வட்டங்களாகப் போடுங்கள். வட்டத்துக்கு ஒரு நெறியாளரும் ஒரு எழுத்தரும் இருக்கட்டும். திட்டத்தை வரைந்த பொறியாளர் எழுத்தராக இருக்கக்கூடாது. தம் திட்டத்துக்கு வரும் குறையை அவர் அறியாமலே மென்மையாக்கி எழுதுவார்.

முதல் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசச் சொல்லுங்கள். ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தவருக்கு எட்டுப் பேர் முன்னால் சொல்லத் துணிவு வரும். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம், பொறுப்பில் இருப்பவர்கள் கடைசியில். சொல்வதைப் பெரிய தாளில் அவரவர் வார்த்தையிலேயே எல்லோருக்கும் தெரியும்படி எழுதி, 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று கேளுங்கள். 'குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருது' என்றவரின் பேச்சை 'குடிநீர் விநியோகத்தில் குறைபாடு' என்று எழுதினால் அந்த மூன்று நாள் காணாமல் போகிறது.

தனிப்பட்ட மனுக்கள் கட்டாயம் வரும். அவற்றுக்கு வாசலருகே ஒரு மேசை போட்டு, எண் போட்ட ரசீது கொடுங்கள். இந்த மேசை இல்லாத கூட்டம் பாதியிலேயே பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் திசை மாறிவிடும். அதில் மக்கள் மீது தவறில்லை, அவர்களுக்கு வேறு வாசல் கிடைக்கவில்லை.

கோபமாகப் பேசுபவருக்கு உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். எழுதிக்கொண்டு, எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மேடையிலிருந்து வாக்குறுதி தருவதும் வேண்டாம். 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்ற இரண்டு தொடர்களையும் முழுக்க விட்டுவிடுங்கள். அவற்றில் செய்பவரும் இல்லை, தேதியும் இல்லை.

பதில் பதிவேடு

நம்பிக்கை வளர்வதும் அழிவதும் இங்கேதான். ஒவ்வொரு கருத்துக்கும் வரிசை எண் கொடுத்து ஒரு பதிவேடு தயாரியுங்கள். சொல்லப்பட்டது, எத்தனை பேர் சொன்னார்கள், ஏற்கப்பட்டதா, ஓரளவு ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, காரணம், பொறுப்பான பதவி, முடியும் தேதி என்று கட்டங்கள் இருக்கட்டும். கூட்டம் நடந்த 15 நாளுக்குள் கருத்துகளின் பட்டியலை மட்டும் வெளியிடுங்கள், விடுபட்டதை மக்கள் சேர்க்கலாம். ஆறு வாரத்துக்குள் முடிவுகளோடு முழுப் பதிவேடும் வரவேண்டும்.

மறுப்பு எழுதுவதில்தான் பலர் தயங்குவார்கள். 'நிதி இல்லை' என்பது காரணமாகாது. பணிக்கு எவ்வளவு தேவை, அந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது, அது எதற்குப் போகிறது, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு இதை எப்போது யாரிடம் மறுபடி கேட்கலாம் என்று எழுதினால்தான் மறுப்பு பதிலாகும். காவல்துறை, நீதிமன்றம் ஆகியவற்றோடு சிகாகோ மக்களுக்கு இருந்த அனுபவத்தை அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1980-களில் ஆராய்ந்தார். சாதகமான முடிவு கிடைத்ததா என்பதைவிட, தம் தரப்பைக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பதே அதிகாரத்தின் மீதான மதிப்பைத் தீர்மானித்தது. காரணத்தோடு சொல்லும் 'இல்லை'யைத் தாங்கிக்கொள்பவர்கள், பதிலே வராததைத் தாங்கமாட்டார்கள்.

பதிவேடு இணையத்தில் மட்டும் இருந்தால் வராதவர்களின் பட்டியல் அப்படியே தொடரும். கூட்டம் நடந்த இடத்தின் சுவரில் ஒட்டுங்கள், தொலைபேசி எண் கொடுத்தவர்களுக்கு அவர்கள் கருத்தின் எண்ணையும் முடிவையும் செய்தியாக அனுப்புங்கள்.

பணத்தைக் கண்ணில் படும்படி வைப்பது

ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு ஊர்ப் பொதுவிசாரணைகளைத் தொடங்கியது. அங்கே செய்தது எளிய வேலை: கூலிப் பட்டியலையும் ரசீதையும் ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததைக் கேட்டவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் போராட்டம் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது. கணக்கை மொத்தத் தொகையாக வெளியிட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு பணியாகப் பிரித்து, பணியிடப் பலகையில் தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கும் நாள், முடியும் நாள், நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றை எழுதுங்கள். அளவு நாடா வைத்திருக்கும் யாரும் சோதித்துப் பார்க்கலாம். சோதிக்கும் குழுவில் பணியைச் செயல்படுத்தியவர் இருக்கக்கூடாது, குறை சொன்னவருக்குப் பின்விளைவு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு மூத்த அதிகாரியைப் பெயரிட்டு நியமியுங்கள்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் பங்கேற்பு நிதிநிலைத் திட்டத்தை, அதாவது நகர நிதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களையே கேட்கும் முறையைத் தொடங்கியது. அதில் மக்கள் விருப்பத்தை மட்டும் எண்ணவில்லை. வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் புள்ளி தரும் சூத்திரத்தையும் பின்னர் வைத்துக்கொண்டது. வெறும் வாக்கெடுப்பு என்றால் ஆட்களைத் திரட்டும் வலுவுள்ள பகுதியே வெல்லும். உங்கள் சூத்திரத்தை வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

தொடர்ச்சி

'திருப்தியா?' என்று கேட்கும் படிவங்களை விட்டுவிடுங்கள், கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் மரியாதைக்காக ஆம் என்பார்கள். சென்ற கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், பதிவேட்டில் எத்தனை வரி குறித்த தேதியில் முடிந்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் பழைய பதிவேடாகவே இருக்கட்டும், அதை வரிவரியாகப் படித்த பிறகே புதிய பொருளுக்குப் போகலாம். அதிகாரி மாற்றலாகிப் போகும்போது நடந்த உழைப்பெல்லாம் அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது. பொறுப்பு ஒப்படைப்புக் கோப்பில் இந்தப் பதிவேட்டையும் சேர்த்து, முடியாத வரிகளுக்கு எதிரே புதியவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். தேதி தள்ளிப்போவதாக இருந்தால், பழைய தேதி கடப்பதற்கு முன்பே புதிய தேதியையும் காரணத்தையும் சுவரில் எழுதுங்கள்.