புதிய பான்ஜோவை ப்ளூகிராஸுக்குத் தயார்செய்வது எப்படி?

பான்ஜோ என்பது, வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலின் மேல் தந்திகள் ஓடும் வாத்தியம். அதன் நாதம் சட்டென்று எழும்பும், சட்டென்று அடங்கும். வயலின்போல ஒரு சுரத்தை அதில் நீட்டிப் பிடிக்க முடியாது. சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி வாசித்த மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்களோடு வந்த வாத்தியத்தின் வாரிசு இது. அந்தக் குறுகிய ஒலியையே பலமாக்கியவர் வட கரோலினாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ். அவர் ஊர்ப்பக்கம் ஏற்கெனவே புழங்கிய மூன்று விரல் வாசிப்பைச் சீராக்கி, 1945 டிசம்பரில் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் பெயரே ப்ளூகிராஸ் என்ற இந்த அமெரிக்க நாட்டுப்புற இசைவகைக்கும் பெயரானது. மாண்டலின், ஃபிடில் (வயலின்), கிட்டார், டபுள் பேஸ், ஐந்து தந்தி பான்ஜோ: இவையே மரபான கூட்டணி.

புதிய பான்ஜோ மந்தமாக ஒலித்தால் முதலில் தோலைக் கவனியுங்கள். இப்போது வருவது பிளாஸ்டிக் தோல்தான், விட்டம் பெரும்பாலும் 11 அங்குலம். பின்பக்கத்தை மூடி ஒலியை முன்னே திருப்பும் ரெசனேட்டரைக் கழற்றுங்கள். தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு, விளிம்பைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு கொக்கிக்கும் அருகே தோலை விரலால் தட்டிக் கேளுங்கள். எங்கே சுருதி தாழ்ந்திருக்கிறதோ அங்கே அந்தக் கொக்கியின் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். எல்லா இடமும் ஒரே சுருதியில், ஜி ஷார்ப்பை ஒட்டி ஒலித்தால் போதும். தளர்ந்த தோலில் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) அமுங்கி, ஒலி சப்பென்றாகும். பேராசையோடு முறுக்கினால் தோல் கிழியும்.

அடுத்து குதிரை, அதாவது பிரிட்ஜ். இது ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆகவே எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். முதல் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை வால்பக்கம் நகர்த்துங்கள், இறங்கி ஒலித்தால் கழுத்துப்பக்கம். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் காட்டும். நகர்த்தும்முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்தாவிட்டால் குதிரையின் கால் தோலைக் கீறும்.

சுருதி ‘ஓபன் ஜி’, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும். நான்காம் தந்தி டி (146.8 ஹெர்ட்ஸ்), மூன்றாவது ஜி (196), இரண்டாவது பி (246.9), முதலாவது டி (293.7). ஐந்தாம் ஃப்ரெட்டருகே தொடங்கும் குட்டைத் தந்தி மேல் ஜி (392). ஜி-யை சட்ஜமாகக் கொண்டால் கீழ் ப, ச, அந்தர காந்தாரம், ப, மேல் ச என்று காதில் பதியும். குட்டைத் தந்தியைக் கடைசியில், மெதுவாக ஏற்றுங்கள்.

விரலில் மாட்டி மீட்டும் பிக்குகளில், கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உலோக பிக். உலோக பிக்கின் தகடு நகத்தின் மேல் அல்ல, விரல் நுனியின் உட்புறச் சதையை ஒட்டி வரவேண்டும். மோதிரவிரலையோ சுண்டுவிரலையோ குதிரைக்கருகே தோலில் ஊன்றிக்கொள்ளுங்கள், கை ஆடாது.

முதல் உருட்டு (திரும்பத் திரும்ப வரும் விரல் வரிசை): தந்திகள் 3-2-5-1-4-2-5-1. விரல்கள் கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு என்று இரண்டு முறை. தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம். கட்டைவிரல் இயல்பாகவே உரக்க ஒலிக்கும், எட்டுச் சுரங்களும் ஒரே பலத்தில் வரும்வரை வேகத்தை ஏற்றாதீர்கள்.

ஏ சுருதியில் பாடுவோரோடு வாசிக்க, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுவார்கள். அது குட்டைத் தந்தியைத் தொடாது. அந்தத் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் பதித்த சின்ன ஆணிக்கடியில் மாட்டி ஏ-வுக்கு ஏற்றுங்கள். மறந்தால் ஒவ்வொரு உருட்டிலும் அந்த ஜி அபசுரமாகக் குறுக்கிடும்.